க்யூரேட்டிவ் பெட்டிஷன்: 'நீதிப்பிழை நீக்க மனு' சரிவருமா?

> 'மறுசீராய்வு மனு' என்று நாளிதழ்களில் ஏற்கெனவே எழுதுகிறார்களே, புதுச்சொல் எதற்கு?

எழுதுகிறார்கள் ஐயா, ஆனால் ரிவ்யூ பெட்டிஷனுக்கும் (உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பை மறுபடி பார்க்கக் கேட்கும் மனு) சீராய்வு மனு, மறுஆய்வு மனு என்று இரண்டு விதமாக எழுதுகிறார்கள். அதுவும் தள்ளுபடியான பிறகு அங்கேயே கடைசியாகப் போடுவதுதான் க்யூரேட்டிவ் பெட்டிஷன். 2020 ஜனவரியில் நிர்பயா வழக்கில் க்யூரேட்டிவ் மனுக்கள் தள்ளுபடியானபோது, 'சீராய்வுதான் முன்பே தள்ளுபடியாச்சே, இது எது?' என்று படிக்கிறவர் குழம்பத்தான் செய்வார். 'மறு' என்று ஒட்டினால் இரண்டாம் முறை சீராய்வு என்றுதான் பொருள்படும். உச்ச நீதிமன்ற விதிகளில் இரண்டாவது சீராய்வுக்கு இடமே இல்லை!

சீராய்வு அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 137ஆம் பிரிவு தருகிறது. தீர்ப்பு வந்த 30 நாளுக்குள் மனு போட வேண்டும், கூடியவரை அதே நீதிபதிகள்தான் பார்ப்பார்கள். க்யூரேட்டிவ் மனு என்ற பெயர் அரசியல் சட்டத்தில் எங்கும் கிடையாது. 2002இல் ரூபா அசோக் ஹுர்ரா வழக்கில் (அடிப்படையில் அது ஒரு விவாகரத்து வழக்கு, பாருங்கள்) ஐந்து நீதிபதிகள் அமர்வு, தன் ஆணையால் அநீதி நேர்ந்திருந்தால் அதைச் சரிசெய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இயல்பாகவே உண்டு என்று சொல்லி இந்த வழியைத் திறந்தது. என்னைக் கேட்காமலே தீர்ப்பெழுதிவிட்டார்கள், அல்லது நீதிபதிக்கு வழக்கில் தொடர்பு இருந்தும் சொல்லவில்லை, இந்த மாதிரிக் காரணம் வேண்டும். மூத்த வழக்கறிஞர் ஒருவர் சான்றளிக்க வேண்டும். முதலில் மிக மூத்த மூன்று நீதிபதிகளுக்கும், பணியில் இருந்தால் தீர்ப்பளித்தவர்களுக்கும் மனு சுற்றுக்குப் போகும். பெரும்பாலும் அதோடு சரி, வாதம் வரைக்கும் போவது அபூர்வம்.

> 'குறைதீர் மனு'?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்தான் நினைவுக்கு வருகிறது. வேண்டாமே. 'பிழைதிருத்த மனு'வும் ஒத்துவராது. தீர்ப்பில் பளிச்சென்று தெரியும் பிழையைத் திருத்துவது சீராய்வின் வேலை. இங்கே கேடு தீர்ப்பின் வாசகத்தில் மட்டும் இல்லை, நீதி வழங்கியதிலேயே இருக்கிறது. அதனால்தான் 'நீதிப்பிழை நீக்க மனு' என்கிறேன்.

> நீதிமன்றத்தையே குற்றம் சொல்வதுபோல் இருக்கிறதே, எந்த வக்கீல் துணிந்து எழுதுவார்?

நீதிமன்றமே சொல்லிவிட்டது ஐயா. 2024 ஏப்ரலில் டெல்லி மெட்ரோவின் க்யூரேட்டிவ் மனுவை ஏற்றபோது, தன் முந்தைய தீர்ப்பால் பெரிய நீதிப்பிழை நேர்ந்துவிட்டது என்ற பொருளில்தான் எழுதினார்கள். அவர்களுக்கே இல்லாத கூச்சம் நமக்கெதற்கு?

நீளம்தான் ஒரு குறை, ஒப்புக்கொள்கிறேன். செய்தித் தலைப்பில் 'நீதிப்பிழை மனு' என்று சுருக்கினாலும் பொருள் கெடாது, சீராய்வோடும் குழம்பாது. யாருக்கும் மறுப்பில்லை என்றால் விக்சனரி இணைய அகராதியில் ஏற்றிவிடலாம்.