எண்ணமின்றி வரும் உச்சநிலை: எந்த மருத்துவரைப் பார்ப்பது?

வணக்கம். எனக்கு வயது 42. மன அழுத்தத்திற்கான மாத்திரையைச் சென்ற மாதம் நிறுத்தியதிலிருந்து, பாலியல் எண்ணம் எதுவுமே இல்லாத வேளையில், பேருந்து குலுங்கும்போதோ கிரைண்டரில் மாவு வழிக்கும்போதோகூட, உடல் தானாகவே பாலியல் உச்சநிலையை அடைந்துவிடுகிறது. அதில் இன்பம் இல்லை, எரிச்சலும் களைப்புமே மிஞ்சுகின்றன. 2001-இல் லைப்ளம், நேதன் என்னும் இரு ஆய்வாளர்கள் இதையொத்த நிலையை விவரித்ததையும், இடுப்புத்தள (இடுப்பின் அடிப்பகுதித் தசைகள்) நரம்பு அழுத்தப்படுதல், முதுகெலும்பின் அடிப்பகுதியில் உண்டாகும் டார்லோவ் நீர்க்கட்டி, செரட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருள் சார்ந்த மன அழுத்த மாத்திரைகளை நிறுத்துதல் ஆகியவை காரணமாகலாம் என்பதையும் படித்தேன். நான் பார்த்த மருத்துவரோ சிரித்துவிட்டு, "கணவரை அழைத்து வாருங்கள்" என்றார். நரம்பியல் மருத்துவரிடம் சென்று எம்.ஆர்.ஐ. எடுப்பதா, மாத்திரை தந்த மனநல மருத்துவரிடமே திரும்புவதா என்று தெரியவில்லை; இடுப்புத்தளப் பிசியோதெரபியால் குணம் கண்டவர்கள் இருந்தால் தயவுசெய்து கூறுங்கள்.