மறு: ரீஸ்க்ரைபிங்குக்கு "மறுகீறல்" வேண்டாம், "சாலோட்டுதல்" என்று வைப்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம். விமான மாதிரியின் மேல் இருக்கும் தகட்டுக் கோடுகளை எடுத்துவிட்டுப் பள்ளமாகப் போடும் வேலைதான் ரீஸ்க்ரைபிங். நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதன் தமிழ்ச் சொல் பற்றி நண்பர்கள் எழுதியவற்றுக்கு இது என் பதில்.

> ரீ = மறு, ஸ்க்ரைப் = கீறு. ஆகவே மறுகீறல். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

விவாதிக்க நிறைய இருக்கிறது ஐயா. இந்தச் சொல்லைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அப்புறம் விமான மாதிரி செய்யும் பிள்ளைகள் எல்லாரும் அதையே எழுதுவார்கள், அதனால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். என் மேசையில் இப்போது 1/72 அளவில் நாட் (Gnat) என்ற ஒற்றை இருக்கைப் போர் விமானம் இருக்கிறது. பழைய அச்சில் வார்த்த கிட், அதாவது பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் தொகுப்பு. அதன் உடம்பு முழுக்க நாம் பேர் தேடும் இந்த வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது. அந்த வேலையை வைத்தே பேசுகிறேன்.

முதலில் "மறு" என்ற முன்னொட்டு. நிஜ விமானத்தின் மேல்தோல் பல அலுமினியத் தகடுகளால் ஆனது. தகடும் தகடும் சேரும் இடம் மாதிரியிலும் தெரிய வேண்டும் என்று கிட் செய்பவர்கள் அங்கே கோடு வைக்கிறார்கள். 1960களிலும் 70களிலும் வந்த கிட்களில் பெரும்பாலும் இந்தக் கோடுகள் மேடாக, தடவினால் விரலில் நிரடும்படி இருக்கும். காரணம் எளிது. கிட்டை வார்க்கும் அச்சு எஃகு, அந்த எஃகில் பள்ளமாக ஒரு கோடு வெட்டினால் வார்த்து வரும் பிளாஸ்டிக்கில் அது மேடாக வரும். பிளாஸ்டிக்கில் பள்ளம் வேண்டுமென்றால் எஃகில் மயிரிழை மேட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் இறக்க வேண்டும், அது பல மடங்கு வேலை. மின்பொறியால் எஃகை அரிக்கும் முறையெல்லாம் பரவிய பிறகுதான் பள்ளக் கோடு வழக்கமானது.

ஆக, நம் கையில் இருக்கும் பழைய கிட்டின் பிளாஸ்டிக்கில் யாரும் ஒரு முறைகூடக் கீறியதே இல்லை. இல்லாத கீறலை எப்படி மறுபடி கீறுவது? நாம் செய்வது மேட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு அதே இடத்தில் பள்ளம் போடுவது. ஆங்கிலக்காரர் "ரீ" போட்டது அவர் பாடு, நாம் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

அடுத்தது "கீறல்". வண்டியில் கீறல், கண்ணாடியில் கீறல், கையில் கீறல் என்று நம் பேச்சில் கீறல் எப்போதும் சேதம்தான். இதே வேலையில் விமானியின் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடிக் கூண்டில் கீறல் விழுந்தால் அதை மிக நயமான உப்புத்தாளில் தேய்த்து மெருகேற்றிப் போக்குவதற்கென்று தனியே ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் "கீறலைப் போக்குங்கள்", அடுத்த பக்கத்தில் "கீறலைப் போடுங்கள்" என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்?

> "பொறித்தல்" இருக்கிறதே. கல்வெட்டில் பொறித்தார்கள் என்கிறோம்.

அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் விமானக் கட்டுரையில் பொறி என்றாலே இயந்திரம். நாட் விமானத்தின் பொறி பிரிஸ்டல் ஆர்ஃபியஸ். "பொறி முகப்பில் வரி பொறிக்கவும்" என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் திரும்ப ஒருமுறை படித்தால்தான் புரியும். பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருகிறார்களே, அந்த "வெட்டுதல்" இன்னும் நெருக்கமானது, அதை முன்வைத்த நண்பரை மதிக்கிறேன். சிக்கல் என்னவென்றால் இந்த வேலையில் வெட்டுவதற்கு வேறு ஏராளம் இருக்கிறது. பாகங்களைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் காம்பிலிருந்து வெட்டுகிறோம், சாயம் படாமல் மறைக்கும் முகமூடி நாடா வெட்டுகிறோம். "வரி வெட்டு" என்று தலைப்பு வைத்தால் பாதிப் பேர் பட்ஜெட் செய்தி என்றே நினைப்பார்கள். அம்மி பொளிகிற "பொளிதல்" புள்ளி புள்ளியாகக் கொத்துவது, கோடு இழுப்பதற்கு அது பொருந்தாது.

என் பரிந்துரை "சால்". உழவுச் சால். ஏர் போன இடத்தில் விழுகிற நீண்ட பள்ளம்.

ஏன் என்று வேலையைச் சொல்லியே விளக்குகிறேன். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, பொருத்தில் பட்டி பார்த்து, நீர்த்தாளால் தேய்த்துச் சமப்படுத்தும்போதே மேட்டுக் கோடுகள் பொருத்தின் இரு பக்கமும் அழிந்துவிடும். மேட்டைத் திரும்ப வரவழைப்பது மகா கஷ்டம். பள்ளமாக இருந்தால் மறுபடி ஓட்டிவிடலாம். அதனால்தான் பலரும் எல்லா மேட்டையும் அழித்துவிட்டு முழுவதையும் பள்ளமாக்குகிறார்கள். அழிக்கும் முன்பே மேட்டின் ஓரமாக லேபிள் அச்சிடும் டைமோ நாடாவை ஒட்டிவிட்டால் அதுவே வழிகாட்டி. தடித்த நாடா, கருவி அதைத் தாண்டி ஏறாது, நாட் விமானத்தின் உருண்டையான உடம்பிலும் வளைந்து படியும். பிறகு கருவி. இரண்டு வகை உண்டு. ஒன்று கைப்பிடியில் மாட்டிய ஊசி, இன்னொன்று கொக்கி மாதிரி வளைந்த அலகு. கொக்கி பிளாஸ்டிக்கை நூல் நூலாக உரித்து எடுத்துவிடும். ஊசி எதையும் எடுக்காது, பிளாஸ்டிக்கை இரண்டு பக்கமும் தள்ளி ஓரத்தில் கரை கட்டும், அந்தக் கரையை அப்புறம் தேய்த்து இறக்க வேண்டும். சரியாகப் பார்த்தால் மண்ணைப் புரட்டி ஒதுக்குகிற ஏருக்கு ஊசிதான் அண்ணன் தம்பி. ஆனால் எதில் செய்தாலும் மிஞ்சுவது சால்.

முதல் இழுப்பில் அழுத்தவே கூடாது, கருவியின் எடை மட்டும் போதும். முதல் சால் நேராக விழுந்துவிட்டால் அடுத்தடுத்தவை அதன் உள்ளேயே போகும், முதல் சால் கோணினால் கடைசி வரை கோணல்தான். ஒரே அழுத்தில் ஆழமாக இழுக்கப் பார்த்தால் முனை எகிறி இறக்கையின் குறுக்கே ஓடிவிடும். உழவில் "நாலு சால் உழுதேன்" என்று எத்தனை தடவை என்பதையும் இதே சொல்லால்தானே எண்ணுகிறோம்? இங்கேயும் "மூன்று சால் ஓட்டினால் போதும், பிளாஸ்டிக் கெட்டியாக இருந்தால் ஐந்து" என்று எழுதலாம். ஆங்கிலத்தில் அந்தப் பள்ளத்துக்கு ஒரு சொல், கருவியை ஒருமுறை இழுப்பதற்கு வேறொரு சொல், நமக்கு இரண்டுக்கும் ஒன்றே போதும். இதுவே எனக்குப் பெரிய காரணம்.

சொல் குடும்பமும் தானாக வருகிறது. செயல் சாலோட்டுதல். கருவி சாலோட்டி. கருவியின் முனைக்கு, ஏர்முனையைச் சொல்வது போலவே, கொழு என்றே சொல்லலாம், "கொழு மழுங்கினால் மாற்றுங்கள்" என்பது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! மேட்டுக் கோட்டுக்கு வரப்பு. "வரப்பை அழித்துச் சால் ஓட்டவும்" என்று நாலே சொல்லில் வேலை முழுவதும் சொல்லியாயிற்று. மறுகீறல் என்ற சொல்லில் எதை எதுவாக மாற்றுகிறோம் என்பதே கிடையாது.

எதிர்ப்புகளுக்கு வருகிறேன்.

> சாலிடுதல் என்று யாராவது எழுதினால் சாலிடரிங் போலவே இருக்கும்.

உண்மை. அதனால்தான் "இடு" வேண்டாம், "ஓட்டு" என்கிறேன். தண்ணீர்ச் சால், "சாலச் சிறந்தது" என்பதெல்லாம் இடத்தைப் பார்த்தாலே பிரிந்துவிடும், அதில் குழப்பமில்லை.

> சென்னையில் பிறந்த பையனுக்குச் சால் என்றால் தெரியுமா?

பலருக்குத் தெரியாதுதான். ஆனால் ஸ்க்ரைப் என்ற சொல்லும் கிட் வாங்கும் நாள்வரை அவனுக்குத் தெரியாது. இரண்டையும் புதிதாகத்தான் கற்கப் போகிறான், ஒன்றை ஒரு படத்தோடு கற்றுக்கொண்டால் போயிற்று.

மட்டக்களப்பு நண்பர் தங்கள் பக்கம் வயல் வரம்பு என்றுதான் சொல்வார்கள், வரப்பு என்பது தமிழ்நாட்டு வழக்கு என்று எழுதியிருந்தார். நியாயமான பேச்சு. இரண்டையும் பட்டியலில் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம், பொருள் ஒன்றேதான். வரம்புக்கு எல்லை என்ற பொருளும் இருப்பதால் தலைப்புச் சொல்லாக வரப்பை வைத்து, வரம்பை அதன் பக்கத்தில் வைக்கலாம், அவர் சம்மதித்தால்.

இன்னொரு கேள்வி, இது சொல்லைப் பற்றியதல்ல, வேலையைப் பற்றியது: இவ்வளவு பாடுபட்டுப் போடும் கோடு உண்மைக்கு ஒத்ததுதானா? கணக்குப் போடுவோம். கையால் ஓட்டும் சால் 0.2 மி.மீ. அகலம் என்று வையுங்கள், 72 ஆல் பெருக்கினால் 14.4 மி.மீ. நிஜ நாட் விமானத்தின் தகடுகளுக்கு நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தால் அது பறக்குமா? ஆக, அளவுக் கணக்குப்படி சாலும் பொய், வரப்பும் பொய். ஆனாலும் சாலுக்குள் நீர்த்த கருஞ்சாயத்தை ஓடவிட்டுத் துடைத்தால் நிழல் விழுந்த மாதிரி மெல்லிய இருண்ட கோடு கிடைக்கும், தள்ளி நின்று பார்க்கும்போது கண்ணுக்கு அது விமானத் தோலாகவே படும். வரப்பில் சாயம் தங்காது. நாட் மிகச் சிறிய விமானம், இறக்கை விரிவு 6.73 மீட்டர், நீளம் 8.74 மீட்டர். நம் அளவில் இறக்கை முனைக்கு முனை வெறும் 93 மி.மீ. சொச்சம், உள்ளங்கையில் அடங்கிவிடும். இவ்வளவு சிறிய பரப்பில் சால் கொஞ்சம் அகன்றாலும் உழுத வயலாகத் தெரியும். அதனால் இந்த விமானத்துக்குக் கொக்கியை விட்டு ஊசியையே எடுத்திருக்கிறேன், அதிலும் மெல்லியதை.

சால் பிசகினால் பட்டி வைக்காதீர்கள். பட்டி காய்ந்த பிறகு அதன் குறுக்கே ஓட்டினால் ஓரம் பொரிந்து உதிரும். அந்த இடத்தில் சூப்பர் க்ளூ விட்டு, அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிப்போகும் முன்பே, அதாவது அன்றைக்கே தேய்த்துச் சமமாக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முடிந்ததும் தண்ணீர் போல் இருக்கும் திரவ ஒட்டியைத் தூரிகையில் தொட்டுச் சால் நெடுகிலும் ஒருமுறை லேசாக ஓடவிட்டால் உள்ளே நிற்கும் பிசிறு கரைந்து ஓரங்கள் படிந்துவிடும். அதிகம் விட்டால் சாலே கரைந்துபோகும், கவனம்.

எங்கே ஓட்டுவது என்பதற்குக் கிட்டின் வரப்புகளை மட்டும் நம்பக் கூடாது. பெங்களூரில் விமானம் கட்டும் ஹெச்ஏஎல் நிறுவனத்தின் அருங்காட்சியகம், டில்லியில் பாலம் என்ற இடத்தில் விமானப்படை அருங்காட்சியகம் என்று நேரில் பார்க்க இடங்கள் இருக்கின்றன. ஒன்று மட்டும்: நாட் விமானத்தை மேம்படுத்தி ஹெச்ஏஎல் பின்னாளில் கட்டிய அஜீத் விமானத்தைப் படம் எடுத்துவந்து நாட் இறக்கைக்குக் கோடு வைக்காதீர்கள், அஜீத்தில் இறக்கைக்குள்ளேயே எரிபொருள் வைத்தார்கள், தகடு அமைப்பு ஒன்றேதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, நாட் விமானத்தின் பிரதான சக்கரக் கதவுகளே வேகத்தைக் குறைக்கும் காற்றுத்தடுப்பாகவும் வேலை செய்தவை, பொறியாளர் பெட்டர் வடிவமைத்த இந்த விமானத்தில் எனக்கு மிகப் பிடித்த சிக்கனம் இது. அந்தக் கதவைச் சுற்றி ஓடும் கோடு இரண்டு தகடு சேரும் இடமல்ல, நிஜமாகவே திறந்து மூடும் இடைவெளி. அங்கே மட்டும் ஒரு சால் கூடுதலாக ஓட்டி ஆழமாக்குங்கள். எல்லாக் கோட்டையும் ஒரே ஆழத்தில் ஓட்டுவதால்தான் பல நல்ல மாதிரிகள் பொம்மையாகத் தெரிகின்றன.

மற்ற சொற்களில் எனக்குப் பெரிய வழக்கில்லை. அச்சின் விளிம்பில் மிஞ்சி நிற்கும் மெல்லிய ஏடுக்குப் பட்டறைகளில் ஏற்கெனவே பிசிறு இருக்கிறது, பிசிறு எடுப்பது என்கிறார்கள். பாகத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இடத்துக்குக் காம்பு. பட்டி பார்த்தல் கார் பட்டறையிலும் சுவர்ப் பூச்சிலும் தினம் புழங்குவது. இவற்றுக்கு யாரும் புதிதாக எதுவும் உண்டாக்க வேண்டாம். "மிகைவார்ப்பு நீக்கம்" என்று ஒருவர் எழுதியிருந்தார், பிசிறு எடுக்கத் தெரிந்த மனிதர் யாருக்கும் அது புரியாது.

ஒன்று மட்டும் தீராமல் இருக்கிறது. ஆணித்தலை வரிசைக்கு, ரிவெட்டுக்கு, உருளைப் பல்சக்கரத்தை ஓட்டிப் புள்ளிகளாகப் பள்ளம் போடுகிறோமே, அதையும் சால் என்று அழைக்க முடியாது. "புள்ளிச்சால்" என்று யோசித்தேன், திருப்தியில்லை. கல்வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், பொளிதல் அதற்குத்தான் சரிப்படும் என்று தோன்றுகிறது.