ஓடிஜி: லெக் பீஸ் மேலே கருகுது, எலும்புகிட்ட சிவப்பா நிக்குது. உதவி தேவை

கேள்வி:
28 லிட்டர் ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூணும் சேர்ந்த மின்சார அடுப்பு). நாலு முழு லெக் பீஸ், ஒவ்வொண்ணும் 250 கிராம் வாக்குல. தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, ஒரு ஸ்பூன் தேன் சேர்த்து ராத்திரி பூரா ஃபிரிட்ஜ்ல ஊறினது. சூடேத்துற கம்பியில மேல் ராடு மட்டும் போட்டு, 250 டிகிரி, மேல் அடுக்குல 20 நிமிஷம். மசாலா கரியாயிடுச்சு, எலும்பை ஒட்டி வேகலை, பாதியிலேயே புகை வேற. ராடுல கோளாறா, வெக்கிற விதமா?

பதில் 1:
ராடு நல்லா இருக்கு, அதனாலதான் கருகுது. மேல் ராடு தோலை உடனே தாக்கும். அந்தச் சூடு உள்ள இறங்க நேரம் பிடிக்கும். இவ்வளவு தடிமனான பீஸை முழுக்க அதுலயே வேகவைக்க முடியாது. ரெண்டு கட்டமா செய்யுங்க.

தொடையிலயும் காலிலயும் எலும்பு வரைக்கும் ரெண்டு மூணு கீறல் போட்டுக்குங்க. ஓவனை 10 நிமிஷம் சூடேத்தி, ரெண்டு ராடும் எரிய, 200 டிகிரியில, நடு அடுக்குல 35 நிமிஷம். நடுவுல ஒருமுறை திருப்பணும். அப்புறம் மேல் ராடு மட்டும் 250-ல, கறிக்கும் ராடுக்கும் நாலு இன்ச் இடைவெளி விட்டு 3 முதல் 5 நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷம் அடுப்படியை விட்டு நகராதீங்க. தேனை ஊறலில் சேர்க்காம கடைசி 2 நிமிஷத்துல தடவுங்க. சர்க்கரைதான் முதல்ல கருகும்.

பதில் 2:
தயிரும் பாதி காரணம். தண்ணித் தயிரா இருந்தா அந்த ஈரம் வத்துற வரைக்கும் கறி நிறமே மாறாது. தயிரைத் துணியில கட்டி ரெண்டு மணி நேரம் தொங்கவிட்டு உபயோகிங்க. வைக்கிறதுக்கு முன்னாடி அதிகப்படி மசாலாவை வழிச்சு எடுத்துட்டு எண்ணெய் லேசா தடவுங்க.

புகை, கொழுப்பு சூடான தட்டுல சொட்டுறதால வருது. கம்பி வலை மேல கறி, அடியில தட்டு, தட்டுல அரை டம்ளர் தண்ணி. வலையை ஃபாயில் போட்டு மூடுனா கொழுப்பு மேலயே தேங்கி தீப்பிடிக்கும். பட்டர் பேப்பர், கண்ணாடிப் பாத்திரம் ரெண்டும் மேல் ராடுக்குக் கீழ வேண்டவே வேண்டாம். தப்பித் தவறி தீப்பிடிச்சா சுவிட்சை அணைச்சிட்டு கதவை மூடியே வைங்க.

பதில் 3:
எலும்புகிட்ட சிவப்புன்னா வேகலைன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. பிராய்லர் கோழிக்கு வயசு குறைவு, எலும்பு முத்தியிருக்காது. மஜ்ஜை கசிஞ்சு பக்கத்துச் சதையில கறை விழும். தெர்மாமீட்டரை எலும்பில் படாம தடிமனான இடத்துல குத்திப் பாருங்க: 74 டிகிரி வந்தா சாப்பிடலாம். சதை கொழகொழன்னு பளபளத்தா அது நிஜமாவே பச்சை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கணும்னு சிலர் சொல்றாங்களே? வஞ்சிரத்துக்கும் இதே ரெண்டு கட்டமா?

பதில் 1:
சில ஓவன்ல உள்ளே சூடு அதிகமானா தெர்மோஸ்டாட் ராடை அணைச்சிடும், அதைத் தவிர்க்கத்தான் கதவைத் திறக்கச் சொல்வாங்க. உங்க ஓவனோட கையேட்டுல திறக்கச் சொல்லலைன்னா மூடியே வைங்க. வெளிய வர்ற அனல் பக்கத்துல இருக்கிற நாபை உருக்கிடலாம். சூட்டைக் கூட்டுற நாபை உச்சத்துல வெச்சு, ராடு சிவந்திருக்கும்போது கறியை உள்ள தள்ளுங்க, போதும்.

வஞ்சிரத்துக்கு ஒரே கட்டம். முக்கால் இன்ச் துண்டு, மேல் ராடுல இருந்து மூணு இன்ச் தள்ளி, மொத்தம் 7, 8 நிமிஷம். வலையைச் சூடாக்கி எண்ணெய் தடவின பிறகு மீனை வைங்க, ஒட்டாது. முள் கரண்டியால தொட்டா இதழ் இதழா பிரியணும்.

பதில் 2:
இறால்னா பக்கத்துக்கு 2 நிமிஷம், பெரிசா இருந்தா 3. அதுக்கு மேல விட்டா ரப்பர்.