பழைய நீவ், புது எஸ்.எஸ்.எல்.: இரண்டிலும் வேலை பார்த்தவனின் அனுபவம்

லண்டனில் நான் உதவியாளராக இருந்த ஸ்டுடியோவில் எழுபதுகளில் செய்த நீவ் 80 வரிசை கன்சோல், அதாவது பல மைக்குகளின் ஒலியைச் சேர்த்துக் கலக்கும் பெரிய மிக்ஸிங் டெஸ்க். இப்போது இருக்கும் இடத்தில் எஸ்.எஸ்.எல். கம்பெனியின் புது டெஸ்க்கான ஆரிஜின். இரண்டுமே முழு அனலாக்தான். "என்ன இருந்தாலும் பழசு மாதிரி வராது" என்று பலரும் சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம்.

டிரம்ஸ் பதிவுக்குப் பழசை அடித்துக்கொள்ள ஆளில்லை, அது உண்மை. 1970-ல் வந்த நீவ் 1073 மாட்யூலில் (மைக் சிக்னலைப் பெருக்கி, தொனியைத் திருத்தும் பகுதி) சிக்னல் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. சிக்னலைப் பெருக்கும் சிவப்புக் குமிழை ஐந்து ஐந்து டெசிபலாக ஏற்றிக்கொண்டே போனால், ஸ்னேர் அடியின் முனை கொஞ்சம் மழுங்கி உடம்பு கூடுவது காதுக்கே தெரியும். மேற்கொண்டு 3.2 கிலோஹெர்ட்ஸில் லேசாகத் தூக்கினால் போதும், வேறு ஈ.க்யூ. (தொனித் திருத்தம்) தேவைப்படாது. ஆனால் அதே டெஸ்க்கில் லெவலை ஏற்றி ட்ரான்ஸ்ஃபார்மரைத் திணறடிக்காமல், அளவான லெவலில் ஒரு குரலை எடுத்துப் பாருங்கள். அப்போது பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம் சண்டை போடும் அளவுக்கு இருக்காது, மைக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் அதைவிடப் பெரிய மாற்றம் வரும்.

யாரும் அதிகம் பேசாத விஷயம் பராமரிப்பு. ஐம்பது வருஷம் ஓடிய எந்த டெஸ்க்கிலும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோகும், ஸ்விட்ச்களில் ஆக்சைடு படியும், சேனலுக்குச் சேனல் குணம் மாறும். கலைஞர்கள் வருவதற்கு முன்பே ஒவ்வொரு சேனலிலும் சோதனை டோன் அனுப்பிப் பார்ப்போம், டிரம்ஸுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக்குகளுக்கு ஒத்துப்போகிற இரண்டு சேனல்களைத் தேடிப்பிடித்து வெள்ளை டேப்பில் குறித்து வைப்போம். இரவிலும் பவரை அணைக்க மாட்டோம், ஏசியும் கூடவே ஓடும். ஆரிஜின் சும்மா இருந்தால் தானே உறங்கிவிடும், கரண்ட் பில்லில் அது நன்றாகவே தெரிகிறது.

அப்புறம் இதையும் சொல்ல வேண்டும்: பழசு கெட்டால் சரிசெய்யலாம். மாட்யூலை உருவி, கார்டை மேசையில் வைத்து, சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்தால் முடிந்தது, அதில் இருக்கும் 2என்3055 ட்ரான்சிஸ்டர் இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. இந்தக் காலத்து டெஸ்க்குகளில் பாகங்கள் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். பெரும்பாலும் போர்டையே மாற்ற வேண்டியதுதான்.

புதுசு என்றால் ரீகால், அதாவது பழைய மிக்ஸின் குமிழ் நிலைகளைத் திரும்பக் கொண்டுவரும் வசதி, இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எண்பதுகளின் எஸ்.எஸ்.எல். 4000-இல் டோட்டல் ரீகால் இருந்தது, அதுவும் குமிழ் எங்கே நின்றது என்று திரையில் காட்டுமே தவிர திருப்ப வேண்டியது நாம்தான். ஆரிஜினில் அதுகூடக் கிடையாது. மிக்ஸ் முடிந்ததும் போனில் படம் எடுத்து வைக்கிறோம், ஃபேடர் ஆட்டோமேஷனை (ஒலி அளவு தானாக ஏறி இறங்குவதை) கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடுகிறோம்.

2011-ல் ஃபூ ஃபைட்டர்ஸ் ராக் இசைக்குழுவின் டேவ் க்ரோல், லாஸ் ஏஞ்சலஸின் சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில் இருந்த நீவ் 8028 டெஸ்க்கை வாங்கித் தன் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார். அவரால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க முடியும். சொந்தமாகச் சின்ன ஸ்டுடியோ போடுகிறவருக்கு நான் சொல்வது, புது டெஸ்க் ஒன்றும் டிரம்ஸுக்காக ரேக்கில் நான்கு 1073-ம் போதும். இல்லை, முழுப் பழசுதான் வேண்டும் என்றால், விலை பேசும் முன் கெப்பாசிட்டர்களை எப்போது, யார் மாற்றினார்கள், உபரி பவர் சப்ளை கூட வருமா என்று கேளுங்கள். பழுது பார்க்க உங்கள் ஊரிலேயே ஒரு டெக்னீஷியன் இருக்கிறாரா என்பதையும் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.