மாஸ்ரருக்குச் சிலையா, கிணறா: லண்டன் கிளையின் கடிதத்துக்குப் பதில்

அன்புடையீர்,

நமக்குப் படிப்பித்த மாஸ்ரரின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, அவர் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகமும் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பாடசாலை வாசலில் அவருக்கு மார்பளவுச் சிலை வைப்பதற்காகக் குடும்பத்துக்கு நூறு பவுண் கேட்டு நம் ஊர்ச் சங்கத்தின் லண்டன் கிளைச் செயலாளர் தம்பி எழுதியிருப்பதையும் வாசித்தேன். பணம் தருவதில் எனக்குத் தயக்கமில்லை. இடத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

புங்குடுதீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தமையால், பாடசாலை விட்டதும் குடத்தோடு கிணற்றடியில் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்பிள்ளைகளாகிய நாங்கள்தான். கோடையில் ஊற்று மெதுவாகவே ஊறும். எங்கள் முறை வரும்வரை காத்திருந்த அந்த நேரத்தில், மாஸ்ரர், தண்ணீர் அள்ளும் துலாவைத் தாங்கி நிற்கும் துலாக்காலடியில் குந்தியிருந்து, கிணற்றுக்கட்டில் கரிக்கட்டியால் எழுதிப் பின்னக் கணக்குச் சொல்லித் தந்தார். ஒரு சதமும் வாங்கியதில்லை. அந்த வேளையில் ரியூசனுக்கு அனுப்பப்பட்டிருந்த ஆண்பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. சிலையை முன்மொழிந்த ஐவரும் அவர்களே என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, கவனித்தேன், அவ்வளவுதான்.

சித்திரையில் ஊருக்குப் போய்வந்த என் பெறாமகள் அந்தக் கிணற்றின் படங்களை அனுப்பியிருக்கிறாள். 1991 ஒக்டோபரில் நாம் வெளிக்கிட்டதன் பிறகு ஒருவரும் கலக்கி இறைத்ததாகத் தெரியவில்லை. கட்டு ஒரு பக்கம் சரிந்து, பற்றை மூடி, துலாக்கால் மட்டும் நிற்கிறது. அதைவிடக் கவலை தருவது, யாரோ மோட்டருக்கென்று புதிதாகக் குழாய் இறக்கியிருப்பதுதான். நமது தீவின் சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் மிதந்து நிற்கிறது. துலாவால் அள்ளியமட்டும் அது தாங்கியது. மோட்டர் பூட்டி அளவுக்கு மீறி இழுத்தால் அடியிலுள்ள உவர் மேலேறிவிடும், பிறகு அந்தக் கிணற்றை எளிதில் மீட்க இயலாது. குழாய் இறக்கியவர் யார் என்பது இக்குழுவில் ஒருவருக்குத் தெரியும்; அவரே எழுதட்டும்.

பாரிஸ் அண்ணர் வாசிகசாலைக் கூரைக் கணக்கு வராமல் ஒரு யூரோவும் தரமாட்டேன் என்கிறார். அவர் கேட்பது நியாயம். அந்தப் பற்றுச்சீட்டுகளை மூன்று ஆண்டுகளாக நானும் கேட்டு அலுத்துவிட்டேன். ஆனால் அயலூரில் சிலை வைத்துவிட்டார்கள், நம் மானம் போகிறது என்று எழுதிய தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை. மாஸ்ரர் எந்த வட்டாரத்துக்காரர் என்ற பழைய வழக்கை அவர் மறுபடியும் கிளப்பாமல் இருந்தால் போதும்.

கிணற்றைத் தொடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை வேறொன்று இருக்கிறது. நம் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். எனக்குத் தெரிந்தவரையில் இக்கிணற்றின் பங்காளிகளில் ஒருவர் கிளிநொச்சியிலும் இருவர் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். நான்காவது பங்கு என் தாயாரின் சீதன உறுதியில் இருக்கிறது, அதை நான் பொதுவுக்கு எழுதித் தரத் தயார். மற்ற மூவரும் ஊரிலுள்ள ஒருவருக்குத் தமக்காகக் கையெழுத்திடும் அதிகாரமாகிய அற்றோர்ணித் தத்துவம் கொடுத்தால், சங்கம் பின்னர் வழக்கில் மாட்டாமல் வேலையைத் தொடங்கலாம். ரொறன்ரோ மைத்துனர் என்னோடு பேசாமல் இருப்பது எல்லோரும் அறிந்ததே. ஆகவே அவரிடம் வேறு யாராவது கேளுங்கள்.

தண்ணீர் வற்றிக் கிடக்கும் ஆவணி, புரட்டாதியில் கலக்கி இறைத்துக் கட்டையும் துலாவையும் திருத்தினால், ஐப்பசி மழைக்குக் கிணறு ஆயத்தமாகிவிடும். பெயர்க்கல் வேண்டுமென்றால் துலாக்காலடியில், குந்தியிருக்கும் உயரத்துக்கு ஒரு சிறு கல் வைக்கலாம். மேசனின் கூலிக் கணக்கைக் கேட்டெழுதும்படி பெறாமகளிடம் சொல்லியிருக்கிறேன். அது கிடைத்ததும் இங்கே இடுகிறேன். அதுவரை லண்டன் கிளை யாரிடமும் காசு வாங்க வேண்டாம்.

பேர்ணிலிருந்து,
உங்கள் அக்கா