எல்லா எண்களும் வந்தபின்னும் சேய் செயல்முறையில் ரீட் 0 தராமல் நிற்பது ஏன்?

கேள்வி:

வணக்கம். லினக்ஸில் சி மொழியில் ஒரு பயிற்சி நிரல் எழுதிவருகிறேன். தாய் செயல்முறை 1 முதல் 100 வரையிலான எண்களை ஒரு பைப்பில் (செயல்முறைகளுக்கு இடையே தரவைக் கடத்தும் வழி) எழுத, சேய் செயல்முறை அவற்றைப் படித்துக் கூட்டி, கூட்டுத்தொகையை இன்னொரு பைப் வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு பைப்புகளையும் ஃபோர்க் செய்வதற்கு (சேய் செயல்முறையை உருவாக்குவதற்கு) முன்பே உருவாக்கிவிட்டேன். எழுதி முடித்ததும் தாய் தன் எழுதும் முனையை மூடிவிடுகிறது. சேயில், ரீட் 0 தரும்வரை, அதாவது தரவு முடிந்துவிட்டது என்று சொல்லும்வரை, ஓடும் வைல் லூப் இருக்கிறது. நூறு எண்களும் வந்துசேர்வதை பிரிண்ட்எஃப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த 0 மட்டும் வருவதே இல்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்:

தாய் மூடியது தன்னிடம் இருந்த பிரதியை மட்டும்தான். ஃபோர்க் நடக்கும்போது திறந்திருக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டர்கள் (திறந்த கோப்பு அல்லது பைப் முனையைக் குறிக்கும் எண்கள்) அனைத்தும் சேய்க்கும் வந்துவிடுகின்றன; ஆகவே முதல் பைப்பின் எழுதும் முனை சேயிடமும் திறந்தே இருக்கிறது. எழுதும் முனை எந்தச் செயல்முறையிலாவது திறந்திருக்கும்வரை, இன்னும் தரவு வரக்கூடும் என்றே கெர்னல் கருதும். காலியான பைப்பில் ரீட் 0 தராமல் காத்திருக்கும். உங்கள் சேய் தானே எழுதக்கூடும் என்று எதிர்பார்த்துத் தனக்காகவே காத்துக்கொண்டிருக்கிறது.

0, 1, 2 ஆகிய டிஸ்கிரிப்டர்கள் (உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்தி) வழக்கம்போல் திறந்திருந்தால் முதல் பைப்புக்கு 3, 4 என்ற எண்களும் இரண்டாவதற்கு 5, 6 என்ற எண்களும் கிடைத்திருக்கும். ஒவ்வொரு இணையிலும் முதலாவது படிக்க, அடுத்தது எழுத. ஃபோர்க் முடிந்த உடனேயே சேய் 4, 5 ஆகியவற்றையும் தாய் 3, 6 ஆகியவற்றையும் மூட வேண்டும். தாய் 3-ஐ மூடுவதும் முக்கியம்: சேய் இடையில் இறந்துவிட்டால் தாய்க்கு சிக்பைப் சிக்னல் (படிக்க யாரும் இல்லாத பைப்பில் எழுதினால் வரும் அறிவிப்பு) வர வேண்டும், படிக்கும் முனையைத் தாயே திறந்து வைத்திருந்தால் அது வராது. நிரல் நின்றிருக்கும்போது ப்ராக் (/proc) கோப்பகத்தில் சேயின் பிஐடிக்குக் (செயல்முறை எண்ணுக்குக்) கீழுள்ள எஃப்டி (fd) கோப்பகத்தைப் பட்டியலிட்டுப் பாருங்கள், 4 இன்னும் அங்கே இருக்கும்.

கேட்டவர்:

மிக்க நன்றி, 4 அங்கேதான் இருந்தது. மூடியதும் 5050 வந்துவிட்டது. அடுத்து, கூட்டுத்தொகைக்குப் பதிலாக ஒவ்வோர் எண்ணையும் இரட்டித்து உடனுக்குடன் திருப்பி அனுப்புமாறு சேயை மாற்றினேன். தாய் எல்லா எண்களையும் எழுதிய பிறகே விடைகளைப் படிக்கத் தொடங்குகிறது. நூறு எண்களுக்குச் சரியாக ஓடுகிறது. ஒரு லட்சம் எண்கள் கொடுத்தால், 32,000-ஐ ஒட்டிய இடத்தில் மறுபடியும் நின்றுவிடுகிறது.

மற்றொருவரின் பதில்:

இம்முறை டிஸ்கிரிப்டர்கள் மேல் பழியில்லை. பைப்பின் கொள்ளளவுதான் காரணம். லினக்ஸில் ஒரு பைப் இயல்பாக 65,536 பைட்டுகளைத் தாங்கும். 4 பைட் இன்ட் என்றால் 16,384 எண்கள். விடைகளைத் தாய் படிக்காததால் திரும்பும் பைப் முதலில் நிரம்பி, சேய் ரைட் அழைப்பில் நிற்கிறது. நின்றுவிட்ட சேய் மேற்கொண்டு எண்களைப் படிக்காது என்பதால் போகும் பைப்பும் நிரம்பி, தாயும் ரைட்டில் நிற்கிறது. இரண்டு பைப்புகளின் கொள்ளளவையும் கூட்டினால் நீங்கள் கண்ட எண்ணை ஒட்டி வருவதைக் கவனியுங்கள். சிறிய சோதனைகளில் இந்தப் பிழை தலைகாட்டாது என்பதால், இதை நான் மிகவும் ஆபத்தானதாகக் கருதுகிறேன்.

எளிய தீர்வு, ஆயிரம் எண்களை அனுப்பி, அவற்றுக்கான ஆயிரம் விடைகளைப் படித்த பிறகே அடுத்த தொகுதியை அனுப்புவது. அனுப்பும் எண்களுக்கும் வரும் விடைகளுக்கும் இடையே இப்படி நிலையான கணக்கு இல்லாத நிரல்களில், முனைகளை நான்பிளாக்கிங் முறைக்கு (ரீட், ரைட் காத்து நிற்காத முறைக்கு) மாற்றிவிட்டு, எந்த முனை தயார் என்று சொல்லும் போல் (poll) அழைப்பைப் பயன்படுத்துங்கள். சேய் முடியும்வரை காத்திருக்கும் வெயிட்பிஐடியையும் விடைகள் அனைத்தையும் படித்த பின்னரே அழையுங்கள். முன்னதாக அழைத்தால், நிரம்பிய பைப்பில் நிற்கும் சேய் முடியட்டும் என்று தாய் காத்திருக்க நேரும்.

தொகுதியாகப் படிக்கும்போது, கேட்ட 4,000 பைட்டுகளும் ஒரே ரீட்டில் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். பைப் என்பது பைட்டுகளின் ஓட்டம். ஒரு ரைட்டுக்கு ஒரு ரீட் என்ற கணக்கு அதற்கு இல்லை. வந்த பைட்டுகளை எண்ணி, மீதிக்காக மீண்டும் ரீட் செய்யும் ஒரு சிறு ஃபங்ஷனை எழுதி, இரண்டு பக்கமும் அதையே அழையுங்கள்.