புதுப்பிப்பு: மிக் வெல்டிங்கில் ஊசித்துளைகள், காரணம் கடற்காற்று

கடலூர் முதுநகரில் உள்ள எங்கள் பட்டறைக்கு ராடு (குச்சி வைத்து ஒட்டுவது), மிக் (கம்பி தானாக ஓட, கேஸ் பாய்ச்சி ஒட்டுவது), டிக் (டங்ஸ்டன் ஊசியால் ஒட்டுவது) மூன்றும் செய்யும் புது வெல்டிங் மெஷின் வாங்கினேன். ராடு சுத்தமாக விழுகிறது, மிக்கில் மட்டும் துளைதுளையாக வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில், உருகும் வெல்டில் காற்று படாமல் காக்கும் கேஸை நிமிடத்துக்கு 12 லிட்டரிலிருந்து 20க்கு ஏற்றினேன். சிலிண்டர் காலியானதுதான் மிச்சம். துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கியும் துளை போகவில்லை. அந்தக் கேஸைக் கலைத்துவிடும் கடற்காற்றைத் தடுத்துப் பார் என்று ஓர் அண்ணன் சொன்னதுதான் பலித்தது. வாசலில் ஒரு பழைய தகரத்தை நிறுத்தினேன், அவ்வளவுதான். கேஸை 12க்கே இறக்கியும் வெல்டு வழவழவென்று விழுந்தது. காலையில் ஒழுங்காக இருந்து, கடற்காற்று வீசும் மதியத்துக்கு மேல்தான் கெடுகிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை!

எதிர்பாராத ஒன்று: வெளிவேலைக்காக கேஸ் தேவைப்படாத ஃபிளக்ஸ் கம்பியை (உள்ளே மருந்து நிரப்பியது) மாட்டியதும் பொறி தெறித்துச் சட்டையில் நாலு ஓட்டை. கேஸுடன் மிக் செய்யும்போது டார்ச் (கையில் பிடிக்கும் வெல்டிங் துப்பாக்கி) பிளஸ்ஸில் இருக்க வேண்டும். இந்தக் கம்பிக்கோ மைனஸ். மெஷின் முன்பக்கத்தில் டார்ச்சுக்கான குட்டி வயரை மைனஸில் செருகி, இரும்பைக் கவ்வும் எர்த் வயரைப் பிளஸ்ஸுக்கு மாற்றியதும் அடங்கியது.

டிக் பக்கம் இன்னும் போகவில்லை.